வத்தேகமப் பயணமும் எங்கள் 19 ஏக்கரும்

மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகும் புகையிரதத்தில் நாங்கள் பதினான்கு பேர் ஏறினோம். அது 2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. முதல் நாள் இரவு கிளிநொச்சியில் பஸ் ஏறி, வவுனியா, மிகிந்தலை, தம்புள்ளை என்று ஏ-9 வீதி வழியாக வந்து, விடியற்காலையில் மாத்தளையில் இறங்கியிருந்தோம். எங்களில் பதினொரு பேருக்கு மலைநாட்டைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. யன்னலோரத்தில் இடம் பிடிப்பதற்குச் சிறுபிள்ளைகள் போல முண்டியடித்தார்கள்.

"இவ்வளவு மெல்லமாப் போறதெண்டால் நடந்தே போகலாம் போல கிடக்கு" என்றார் ஒரு அக்கா.

"மலை ஏறிப் பழகாத கால். நடந்து பாத்தாத் தெரியும்" என்று சிரித்தார் எங்கள் குழுவின் மூத்தவர். அவரை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் அழைப்போம். மடுல்கலைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு பெற்றோருடன் வன்னிக்கு வந்தபோது அவருக்கு எட்டு வயது. வன்னியிலேயே வளர்ந்து, மணமுடித்து, 2009 இல் கணவரையும் ஒரு மகனையும் இழந்தவர். நாற்பத்தேழு வருடங்களுக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் திரும்பி வருகிறார். வத்தேகம என்ற பெயர்ப்பலகை யன்னலில் தெரிந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டது. நான் இங்கு எழுதுவது அதற்கு முந்திய வத்தேகமவைப் பற்றி என்பதை வாசகிகள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஏன் போனோம்?

பயணக் கதைக்கு முன்னர், நாங்கள் ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதில் என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது.

எங்கள் குழுவினர் பனையோலையில் கடகம், பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி இழைப்பவர்கள். பெரும்பாலானோர் பெண் தலைமைத்துவக் குடும்பத்தினர். கடகம் பெரிய இலாபம் தரும் பொருள் அல்ல. ஆனால் சந்தை வியாபாரிகளும் மீன் விற்பவர்களும் ஒழுங்காக வாங்கினார்கள். அரிசியும் பிள்ளைகளின் கொப்பியும் அதிலிருந்துதான் வந்தன.

நான் சமூகவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். அறிக்கை எழுதும்போதெல்லாம் "புதிய உற்பத்தி என்ன?" என்ற கேள்வி மேலிடத்திலிருந்து வரும். 2022 இல் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, கடகத்தை விட்டு ஓலைக் கைப்பை செய்யலாம் என்று சொன்னேன். உள்ளே துணி, வாயில் சிப், பல நிறச் சாயம். குழுவின் சுழற்சி நிதி முழுவதையும் அதில் போட்டோம். இருநூறு பைகள் செய்வதாகத் திட்டம். அது பொருளாதார நெருக்கடி வந்த வருடம் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிப்புக்கும் துணிக்கும் சாயத்துக்கும் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. எடுப்பதாகச் சொன்ன கடை கொஞ்சத்தை மட்டும் எடுத்தது. மாரி மழை வந்ததும் மிகுதிப் பைகளில் பூஞ்சணம் பிடித்தது. இதற்கிடையில் கடகத்துக்கு வந்துகொண்டிருந்த வியாபாரிகள் பிளாஸ்டிக் கூடைக்குப் போய்விட்டார்கள். ஒரு சகோதரி தன் பங்குக்கு நுண்கடன் எடுத்திருந்தார். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடன். அவர் தோட்டை விற்றுக் கட்டினார்.

அதற்குப் பிறகு நான் மறுபக்கத்துக்குச் சாய்ந்தேன். "இனி ஒரு புது யோசனையும் வேண்டாம், கடகம் மட்டும்" என்றேன். அளவு மூன்று, ஆளுக்கு இத்தனை என்று கணக்கு, நேரத்துக்கு வேலை. முதல் ஆறு மாதம் நன்றாகப் போனது. பிறகு குழுவில் கதை குறைந்தது. முன்பெல்லாம் "இந்த விளிம்பை இப்பிடிக் கட்டினால் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இளம் பிள்ளைகள் மூவர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். சந்தையில் பிளாஸ்டிக் கூடை இன்னும் மலிந்தது. எங்களிடம் அதற்குப் பதில் எதுவும் இருக்கவில்லை.

ஆக, புதியதைத் தேடிப் போனபோதும் விழுந்தோம். பழையதைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் தேய்ந்தோம். நாரில் நெய்து பல தலைமுறையாகத் தாக்குப்பிடிக்கும் ஒரு ஊர் வத்தேகமவுக்கு அருகில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தோம்.

மலையடிவாரச் சிறுநகர்

வத்தேகம கண்டி நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. சிங்களத்தில் "வத்த" என்றால் தோட்டம், "கம" என்றால் ஊர். நகர சபை, புகையிரத நிலையம், பஸ் தரிப்பிடம், சந்தை என்று எல்லாம் ஒரு நடை தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இங்கிருந்து ஒரு வீதி பன்வில, மடுல்கலை என்று மலைமேல் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறுகிறது. அதற்கு அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர். மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010 இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மற்றொரு வீதி கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கின் கிராமங்களுக்கு இறங்குகிறது. மேலிருந்து தோட்டத் தமிழரும், கீழிருந்து சிங்களக் கிராமத்தவரும், கடைத்தெருவில் முஸ்லிம் வியாபாரிகளும் சந்திக்கும் இடம் இது.

கடைத்தெருவில் நடந்தபோது மிளகின் வாசமும் கராம்பின் வாசமும் சேர்ந்து வந்தன. எங்கள் பக்கத்தில் வேலியில் முருங்கை நிற்பது போல இங்கு வீட்டு முற்றத்தில் மிளகுக் கொடி படர்ந்திருக்கிறது. ஒரு கடை வாசலில் சாக்கு விரித்துச் சாதிக்காய் காயப் போட்டிருந்தார்கள். எங்களோடு வந்த ஒரு தங்கச்சி அதைப் பார்த்து, "மிஸ், இது மாங்கொட்டையா?" என்று கேட்டாள்.

அம்மா ஒரு புடவைக் கடைக்கு முன்னால் நின்றுவிட்டார். "தீவாளிக்கு அப்பா இங்கதான் கூட்டிக்கிட்டு வருவாரு. இந்தக் கடையா, அடுத்த கடையான்னு தெரியல்ல" என்றார். வன்னிப் பேச்சிலேயே ஐம்பது வருடம் பேசியவர், இந்தத் தெருவுக்கு வந்ததும் தன்னையறியாமல் மலையகப் பேச்சுக்கு மாறிவிட்டார். மறந்துபோனதாக அவர் நினைத்திருந்த சிங்களமும் மெல்ல மெல்ல வந்தது. அன்று முழுவதும் எங்களுக்கு மொழிபெயர்த்தவர் அவர்தான்.

கோப்பிக்காகப் போட்ட பாதை

நாங்கள் வந்த புகையிரதப் பாதைக்கு ஒரு கதை உண்டு. கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867 இல். அங்கிருந்து வத்தேகம வழியாக மாத்தளை வரை பாதை நீண்டது 1880 இல். அக்காலத்தில் இந்த மலைகளின் பணப்பயிர் கோப்பி. அதை ஏற்றி இறக்குவதற்காகவே பாதைகள் போடப்பட்டன. ஆனால் 1869 இலேயே கோப்பி இலையில் துரு போன்ற ஒரு நோய் கண்டிருந்தது. நோய் பரவிக்கொண்டிருந்தபோதும் தோட்டத் துரைமார் பலர் கோப்பியைத் தொடர்ந்து நட்டார்கள். காரணம், உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. விளைச்சல் குறைந்தாலும் கையில் வரும் பணம் குறையவில்லை. எனவே ஆபத்து கண்ணில் படவில்லை. 1880களில் கோப்பி அடியோடு விழுந்தது. கோப்பிக்காகப் போட்ட மாத்தளைப் பாதை, கோப்பி சாகும் நேரத்தில்தான் திறக்கப்பட்டது.

அதே கண்டி மாவட்டத்தில், நகருக்குத் தென்கிழக்கே உள்ள லூல்கந்துர என்ற தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் துரையாக இருந்தார். அவர் 1867 இல், அதாவது நோய் வருவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே, 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தோட்டம் முழுவதையும் அவர் மாற்றிவிடவில்லை. கோப்பிதான் அப்போது சோறு போட்டது. 19 ஏக்கர் மட்டும் சோதனைக்கு. கொழுந்தைப் பங்களா விறாந்தையில் மேசைமேல் வைத்துக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் வாட்டினார்கள். 1873 இல் இலண்டனுக்குப் போன தேயிலை 23 இறாத்தல் மட்டுமே. ஒரு சாக்கு கூட நிறையாது. ஆனால் கோப்பி விழுந்தபோது, இந்த மண்ணில் தேயிலை வளருமா, எப்படி வாட்டுவது, எப்படி விற்பது என்பதை அறிந்தவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த 19 ஏக்கரிலும், அதன்பின் வந்த இலட்சக்கணக்கான ஏக்கரிலும் காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்கள் எங்கள் அம்மாவின் முன்னோர் போன்ற தமிழ்த் தொழிலாளர். டெய்லரின் பெயர் நிலைத்தது. அவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. 1948 இல் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. புதிய யோசனையின் நன்மை யாருக்குப் போகிறது, அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதையும் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் கைப்பை விடயத்தில் யோசனை என்னுடையது, தோடு அந்தச் சகோதரியுடையது.

இருந்தாலும் 19 ஏக்கர் என்ற கணக்கு எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. புகையிரதத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு அக்கா கேட்டார்: "அப்ப மிஸ், நாங்கள் முழுத் தோட்டத்தையும் எல்லோ பிடுங்கினனாங்கள்?" எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

நார் நெய்யும் ஊர்

வத்தேகமவிலிருந்து மெனிக்ஹின்னப் பக்கமாக வாகனமொன்றில் இறங்கினோம். அந்தப் பகுதியில் உள்ள ஹேனாவல என்ற கிராமம் தும்பறைப் பாய்க்குப் பெயர் போனது. சிங்களத்தில் "தும்பற ரட்டா களால" என்கிறார்கள். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கைப்பணியை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கண்டி அரசர் காலத்தில் அரண்மனைக்குப் பாய் நெய்து கொடுப்பது இங்குள்ள கின்னர சமூகத்தின் ஊழியம். அழகான பாயை அரண்மனை ஏற்றுக்கொண்டது. நெய்தவர்களைச் சமூகம் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கி வைத்தது. நம் ஊர்களில் சாதியின் பெயரால் நடந்தது இங்கும் நடந்திருக்கிறது. 1815 இல் கண்டி இராச்சியம் விழுந்தது. வாங்குவதற்கு அரசன் இல்லை. ஆனாலும் தொழில் அழியவில்லை. 1908 இல் ஆனந்த குமாரசுவாமி சிங்களக் கலைகள் பற்றி எழுதிய பெரிய நூலில் இந்தப் பாய்களையும் பதிவு செய்திருக்கிறார்.

நாங்கள் போன வீட்டில் ஒரு வயதான பெண்ணும் அவருடைய மருமகளும் நெய்துகொண்டிருந்தார்கள். தறி நிலத்தோடு தாழ்வாக இருந்தது. தரையில் கால் நீட்டி இருந்துதான் நெய்ய வேண்டும். யானைக் கற்றாழை இலையை ஒரு மரக்கட்டையில் வைத்துச் சுரண்டினால் பச்சைச் சதை கழன்று வெள்ளை நார் வரும். அதைக் கழுவி, காய வைத்து, சாயம் போட்டு நெய்கிறார்கள். எங்கள் பெண்கள் உடனே தரையில் குந்திவிட்டார்கள். ஓலை வார்ந்து பழகிய கைகள் அல்லவா! நாரைத் தடவிப் பார்த்து, "பனை நாரை விட மெல்லிசு" என்றார் ஒருவர். அவர் தமிழில் கேட்க, அந்தப் பெண் சிங்களத்தில் பதில் சொல்ல, அம்மா மொழிபெயர்ப்பதற்கு முன்பே இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

இந்தத் தொழிலில் எது மாறியது, எது மாறவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். முற்காலத்தில் "நியந்த" என்ற மருள் இனச் செடியின் நாரில் நெய்தார்கள். இன்று பெரும்பாலும் யானைக் கற்றாழை நார். அதன் இலை பெரிது, நாரும் நீளம். சிவப்புக்குப் பதங்கி மரம், மஞ்சளுக்கு மரமஞ்சள் கொடி என்று இயற்கைச் சாயம் இருந்த இடத்தில், வேகத்துக்காகக் கடைச் சாயமும் வந்திருக்கிறது. படுக்கப் பாய் நெய்த இடத்தில் இப்போது சுவரில் தொங்கவிடும் துண்டு, மேசை விரிப்பு, மெத்தை உறை, கைப்பை ஆகியன. ஆனால் தறி மாறவில்லை. யானை, மான், அன்னம், வெற்றிலை என்ற உருவங்கள் மாறவில்லை. ஓரத்தை முடிக்கும் முறை மாறவில்லை. வாங்க வருபவர் "இது தும்பறை" என்று அடையாளம் காண்பது அவற்றை வைத்துத்தான்.

"புதிதாக ஒரு உருவம் போட வேண்டுமென்றால் எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டோம். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் சாண் அகலத் துண்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றில் வண்ணத்துப்பூச்சி, ஒன்றில் புதுமாதிரிக் கோடுகள், ஒன்றில் கோணலாகிப்போன ஒரு மயில். ஒரு பாவு முடியும்போது கடைசியில் கொஞ்சம் மிஞ்சுமாம். வெட்டி எறிய வேண்டிய அந்த மிச்சத்தில்தான் புதியதைப் போட்டுப் பார்ப்பார்களாம்.

"ஓடர் துண்டில் விளையாட மாட்டோம். அது சாப்பாடு. மிச்சத்தில் விளையாடுவோம். சரி வந்தால் அடுத்த பாவில் ஒன்று நெய்து வருகிறவர்களுக்குக் காட்டுவோம். இரண்டு பேர் கேட்டால்தான் நான்கு நெய்வோம்." அம்மா இதை மொழிபெயர்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2020 இல் கொரோனா வந்தபோதும் சுற்றுலாப் பயணிகள் வராமல் மிகவும் கஷ்டப்பட்டதாக மருமகள் சொன்னார். அப்போது கையிலிருந்த நேரத்தில் தகரப் பெட்டிதான் நிறைந்ததாம். அதற்காக நெருக்கடியை நல்லதென்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் கடனுக்கு அரிசி வாங்கியதையும் அவர் மறைக்கவில்லை.

எழுபேரின் அப்பளம்

திரும்பி வரும் வழியில் வத்தேகம நிலையத்தில் புகையிரதத்துக்காக நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கொண்டுவந்த புட்டுப் பொதிகளை அவிழ்த்தோம். அங்குதான் எங்கள் உண்மையான கூட்டம் நடந்தது எனலாம்.

படிக்கும் காலத்தில் நான் அறிந்த ஒரு கருத்தை அவர்களுக்குச் சொன்னேன். ஜேம்ஸ் மார்ச் என்ற அமெரிக்க அறிஞர் 1991 இல் ஒரு கட்டுரை எழுதினார். எந்த நிறுவனத்துக்கும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, தெரிந்ததைத் திறமாகச் செய்வது. மற்றது, தெரியாததைத் தேடுவது. தேடிக்கொண்டே இருப்பவர் சோதனைச் செலவைக் கட்டிக் கட்டியே களைத்துப் போவார், பலனை எடுக்க மாட்டார். தெரிந்ததையே செய்பவர் நல்ல நிலையில் இருப்பது போலத் தோன்றி, இருந்த இடத்திலேயே சிக்கிக்கொள்வார். கைப்பை வருடத்தில் நாங்கள் முதலாமவர். கடகம் மட்டும் செய்த வருடத்தில் இரண்டாமவர்.

இந்தியாவின் லிஜ்ஜத் அப்பளப் பெண்களைப் பற்றியும் பேசினோம். 1959 மார்ச் 15 ஆம் திகதி பம்பாயில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் 80 ரூபா கடனுடன் தொடங்கிய வேலை அது. பின்னர் பல்லாயிரம் பெண்களின் தொழிலாக வளர்ந்தது. மாவை நிலையத்தில் ஒரே பதமாகக் குழைத்து, நிறுத்துக் கொடுப்பார்கள். பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் உருட்டிக் காயவைத்துத் திரும்பக் கொடுப்பார்கள். தரம் பார்த்தே எடுப்பார்கள். இந்த ஒழுங்கு அவர்களின் பலம். அவர்களும் புதியவற்றைத் தொட்டார்கள். மசாலாத்தூளும் சலவைத்தூளும் நின்றன. தோல் வேலை, தீப்பெட்டி போன்றவை தோற்றன. தோற்றபோதும் அப்பளம் உருட்டுவது ஒரு நாளும் நிற்கவில்லை. அதனால்தான் தோல்வி அவர்களைக் கவிழ்க்கவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும், அதுவரை என் மனத்தில் இருந்ததைச் சொன்னேன். "அந்தப் பைகள் என்ர பிழை. நான் உங்களிட்ட ஒழுங்காக் கேக்கவும் இல்லை, சந்தையில விசாரிக்கவும் இல்லை. அறிக்கையில எழுதப் புதுசா ஒண்டு தேவைப்பட்டது."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. தோடு விற்ற சகோதரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பூஞ்சணம் பிடிக்குமெண்டு எனக்குத் தெரியும் மிஸ். மாரியில துணி வச்சால் ஓலை மூச்சு விடாது. ஆனா நீங்கள் படிச்சனீங்கள், நான் என்னத்தைச் சொல்லுறது எண்டு இருந்திட்டன்" என்றார்.

நான் இந்தப் பயணத்தில் கற்ற மிகப் பெரிய பாடம் இதுதான். குழுவுக்குள் விடை இருந்திருக்கிறது. கேட்கும் இடம் இருக்கவில்லை.

அம்மா புட்டுப் பொதியை மடித்துக்கொண்டே சொன்னார்: "சரி பிள்ளை, அழுதது போதும். இப்ப எங்கட 19 ஏக்கர் எதுவெண்டு முடிவெடுப்பம்."

நாங்கள் எடுத்த முடிவுகள்

புகையிரதம் வருவதற்கு முன் ஒரு கொப்பித் தாளில் எழுதியவற்றை, உங்களுக்கும் உதவலாம் என்ற எண்ணத்தில் இங்கே தருகிறேன்.

முதலாவது, கடகம் எங்கள் சோறு. அதை நிறுத்துவதில்லை. ஆனால் நேரத்தை மிச்சம் பிடிப்பது. முன்பு ஒவ்வொருவரும் ஓலை வெட்டுவது முதல் விளிம்பு கட்டுவது வரை தனித்தனியே செய்தோம். இனி இருவர் ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்து எல்லோருக்கும் கொடுப்பது. அளவு பார்க்க மூன்று மரச்சட்டம். ஓலை ஈரம் படாமல் ஒரே இடத்தில் வைப்பது.

இரண்டாவது, அப்படி மிச்சம் பிடிக்கும் நேரம்தான் எங்கள் 19 ஏக்கர். மாதத்தில் கடைசி வெள்ளிக்கிழமை, கணக்குப் பார்த்த பிறகு, புதியதைச் செய்து பார்க்கும் நாள். அன்றைக்கு இத்தனை முடிக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது. பிழைத்ததற்கு ஏச்சும் கிடையாது.

மூன்றாவது, புதிய பொருளுக்குக் கடன் எடுப்பதில்லை. மாத இலாபத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை. போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய தொகை மட்டும்.

நான்காவது, முதலில் மூன்று மட்டும் செய்வது. சந்தைக்குக் கொண்டுபோய்க் காட்டுவது. "வடிவா இருக்கு" என்பது விற்பனை அல்ல. காசு கொடுத்து வாங்குபவர் இருவராவது வந்தால் மேலும் பத்து.

ஐந்தாவது, மூன்று மாதம் பார்த்துச் சரிவராவிட்டால் விடுவது. விட்டதை எழுதி வைப்பது. தும்பறைப் பெண்ணின் தகரப் பெட்டி போல எங்களுக்கும் ஒரு பெட்டி.

ஆறாவது, யோசனை யாருடையது என்று கொப்பியில் பெயர் எழுதுவது. இதைச் சொன்னவர் அம்மா. "தேயிலைக் கதையில எங்கட ஆக்களின்ர பேர் இல்லை. இதிலயாவது இருக்கட்டும்" என்றார்.

கவனித்தீர்களா? ஒழுங்காக வேலை செய்வதும் புதியதைத் தேடுவதும் ஒன்றுக்கொன்று எதிரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில், ஒழுங்கில்லாத தொழிலில் புதியதைத் தேட நேரமும் இல்லை, பணமும் இல்லை. புதியதைத் தேடாத தொழிலில் அந்த ஒழுங்கு எவ்வளவு காலம் சோறு போடும் என்பதும் தெரியாது. நன்றாகப் போகும்போதே ஒரு மூலையைச் சோதனைக்கு ஒதுக்கிவிட வேண்டும். விழுந்த பிறகு ஒதுக்குவதற்குக் காணி இருக்காது.

இன்று

பயணத்துக்குப் பிறகு எங்கள் பெட்டியில் பல பொருட்கள் சேர்ந்துவிட்டன. ஓலைக் கிலுகிலுப்பை சந்தையில் எடுபடவில்லை, விட்டுவிட்டோம். தும்பறையைப் பார்த்துவிட்டு யானை உருவம் வைத்துச் சுளகு இழைத்தோம். "சுளகுக்கு ஏன் யானை?" என்று சந்தையில் சிரித்தார்கள், அதையும் விட்டோம். திருமண வீடுகளில் பலகாரம் போட்டுக் கொடுக்கும் மூடிப் பெட்டி மட்டும் நின்றது. துணி இல்லை, சிப் இல்லை, ஓலைக்கு ஓலையே மூடி. யோசனை யாருடையது தெரியுமா? பூஞ்சணம் பிடிக்கும் என்று அறிந்திருந்த அந்தச் சகோதரியினுடையது. கொப்பியில் அவர் பெயர் இருக்கிறது. அவருடைய கடன் முடிந்துவிட்டது. அதைக் கட்டி முடித்தது மூடிப் பெட்டி அல்ல, கடகந்தான். தோடு இன்னும் வாங்கவில்லை.

அன்று மாலை மாத்தளைக்குப் போகும் புகையிரதம் வந்தபோது, அம்மா கடைசியாக ஏறினார். மடுல்கலை வரை போய்ப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. கையில் கடைத்தெருவில் வாங்கிய கராம்பு ஒரு பொதி இருந்தது. "லயம் இருக்கோ இல்லையோ தெரியாது. மலை அங்கேயேதான் இருக்கு" என்று யன்னல் வழியாகப் பார்த்தபடி வந்தார். அடுத்த முறை அங்கே கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். டித்வாவுக்குப் பிறகு அது இன்னும் நிறைவேறவில்லை.

அன்புச் சகோதரிகளே, நீங்கள் மிளகாய்த்தூள் இடிப்பவராக இருக்கலாம், கோழி வளர்ப்பவராக இருக்கலாம், தையல் மெசினை மட்டும் நம்பி இருப்பவராக இருக்கலாம். உங்கள் சோறு எது, உங்கள் 19 ஏக்கர் எது என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு தடவை பேசிப் பாருங்கள். எங்களைப் போன்ற உத்தியோகத்தர் யாராவது புதிய யோசனையோடு வந்தால், மாரியில் அது பூஞ்சணம் பிடிக்குமா என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் பெட்டியில் என்ன சேர்ந்தது என்பதை இந்தப் பக்கங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.